அரை வாளி யூரியா

வாளிக்குள் யூரியாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு,
கையாலேயே கலக்குகிறேன்.
விரல் விறைக்கிறது.
ஏழாலையில், வைகாசி வெயிலில், பதினொரு மணிக்கு
மீன்காரனின் ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டதுபோல.

இரசாயனவியலில் எனக்கு எஸ்.
அதுவும் இரண்டாம் தரம் எடுத்து.
என்றாலும் இந்தக் குளிர் ஒவ்வொரு முறையும்
என்னை மறித்துக் கேட்கிறது:
சூட்டைக் கொட்டிவிட்டு இறங்குவதுதான்
எல்லாப் பொருளுக்கும் விருப்பமென்றால்
இது மட்டும் ஏன்
என் கையிலிருந்தே சூட்டைக் கடன் வாங்கி,
ஒருவரும் சொல்லாமல் கரைகிறது?

உரப்பைக்குள் அது வரிசையில் நின்றது,
சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு நின்ற மாதிரி,
தோளோடு தோள்.
தண்ணீரைக் கண்டதும் கலைந்துவிட்டது.
வரிசையாய் நிற்க ஒரு வழி.
கலைந்து திரிய எத்தனையோ வழி.
அந்த எத்தனையோவை அன்றைய வெப்பத்தால் பெருக்கி,
கொடுத்த சூட்டோடு ஒப்பிட்டு,
நட்டமில்லை என்று கண்டிருக்கிறது.
கிப்ஸ் சக்தி குறைகிறது, ஆகவே சுயமாக நிகழும்.
இந்த ஒரு வரிக்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது.

வெப்பம் அந்தக் கணக்கில் சும்மா நிற்பதில்லை.
என் காலுக்குக் கீழே இரண்டு முழத்தில் சுண்ணக்கல்.
முப்பத்திரண்டு பாகையில் அது கல்தான்,
கடவுள் வந்து இரந்தாலும்
உள்ளே பிடித்த காற்றை விடாது.
காங்கேசன்துறைச் சூளையில் தொள்ளாயிரத்துக்கு ஏற்றினார்கள்.
அதே கல், தன்பாட்டில், மூச்சை விட்டது.
சூளை ஆறிப் பல வருஷம்.
இப்போது அங்கே தன்பாட்டில் நடப்பது
துரு மட்டும்.

வேலிக்கு அங்கால் தவநேசன்.
கிணறு ஒன்று, பங்கு இரண்டு.
திங்கள் புதன் வெள்ளி அவருக்கு,
செவ்வாய் வியாழன் சனி எனக்கு,
ஞாயிறு மாறி மாறி.
ஆறு வருஷமாய்க் கதைக்கிறதில்லை.
ஒரு பூவரசங் கதியால்
அரை அடி இங்கால் நட்டதா, தானாகச் சாய்ந்ததா
என்பது இன்னும் இணக்கசபையில் கிடக்கிறது.

வெங்காயம் குடித்தது போக மிச்ச உரம்
செம்மண்ணில் இறங்கி, கல்லுப் பொந்துகளால் நடந்து
கிணற்றுக்குப் போகிறது.
அவருடையதும்தான்.
தண்ணீர் சோதிக்க வந்த பெடியன்
நைத்திரேற்று கூட என்று
இரண்டு வீட்டுக்கும் ஒரே தாளில் எழுதித் தந்தான்.
அடியில் நாங்கள் கலந்து கனகாலம்.
இனிப் பிரிக்கலாம், ஆனால் அது தானாக நடக்காது,
யாரோ காசும் கரண்டும் செலவழிக்க வேண்டும்.

கதைத்தால் லாபம், அதுவும் தெரியும்.
இரண்டு மோட்டருக்கு ஒரு மோட்டர் போதும்.
சாதகம் என்று கணக்குச் சொல்கிறது.
எப்போது என்று கணக்குச் சொல்வதில்லை.
வேலியில் காய்ந்த கிடுகு
காற்றுக்குள்தான் நிற்கிறது. எரிவது அதற்கு என்றைக்கோ சாதகம்.
ஒரு நெருப்புக்குச்சி உரசாததால்
கிடுகாய் நிற்கிறது.

அந்தக் குச்சிக்குப் புத்தகத்தில் பெயர் ஏவற்சக்தி.
எங்கள் ஒழுங்கையில் ஏவல் என்றால் வேறு.
அவருடைய சினைமாடு செத்தபோது
நான்தான் ஏவிவிட்டதாகக் கதை.

இன்று வியாழன், என் முறை.
மோட்டர் ஒருதரம் உறுமிவிட்டு நின்றது.
கையில் வாளி. பாத்தியில் பாதித் தண்ணீர்.
வேலிக்கு அங்கால் ஒரு இருமல்,
தடிமன் இல்லாத இருமல்.
பேந்து, கிடுகுக்கு மேலால்
ஒரு ஸ்பானர் வந்தது, அதைப் பிடித்த கை வந்தது,
முகம் வரவில்லை.

வாங்கினேன். விரல் பட்டிருக்க வேண்டும்.
"என்ன, ஐஸோ?" என்றது வேலி.
"யூரியா" என்றேன்.

கதியால் இன்னும்
அரை அடி இங்கால்தான் நிற்கிறது.